இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே

ஏழாவது மாடியில் லிப்ட்டுக்காக விட்ட திறப்பு. அதன் வாயை மறித்துக் குழாய்த் தடுப்பு கட்டியவர்கள் சென்ட்ரிங் ஆட்கள். தளம் இறுகி, பலகை பிரித்து, அவர்கள் மேல்மாடிக்குப் போய்விட்டார்கள். அடுத்து பிளம்பிங் ஆட்கள் வந்தார்கள். குழாய்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க அந்தத் திறப்புதான் தோது என்று தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். மதியம் சாப்பிடப் போனவர்கள், திரும்பி வந்து வேறு மாடியில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒயர் இழுக்க வந்த எலெக்ட்ரீஷியனுக்கு இது எதுவும் தெரியாது. மாடியில் வெளிச்சமும் போதாது. வெளிச்சத்துக்கு லைன் கொடுக்கத்தான் அவரே வந்திருக்கிறார்.

அவர் விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கேட்பது? சென்ட்ரிங் கான்ட்ராக்டர் தடுப்பைச் சரியாகத்தான் கட்டினார். பிளம்பிங் கான்ட்ராக்டருக்கு அது தன் தடுப்பே அல்ல. மின்வேலைக்காரர் தன் ஆளுக்கு ஹெல்மெட், காலணி, கையுறை எல்லாம் கொடுத்திருக்கிறார். வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனம் மூவருக்கும் தனித்தனியே ஒப்பந்தம் எழுதி, மூன்றிலும் 'பாதுகாப்பு ஒப்பந்ததாரரின் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. நால்வர் சொல்வதிலும் பொய் இல்லை. விபத்து நடந்ததோ, ஒரு ஒப்பந்தம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில்.

தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் தொழிற்சாலையை மனத்தில் வைத்துப் பிறந்தவை. ஒரு கூரை, ஒரு வாசல், ஒரு முதலாளி. எந்திரத்துக்கு வேலி போடு, கொதிகலனைச் சோதனை செய் என்று ஒருவருக்கு உத்தரவிட்டால் போதும். கட்டுமானத் தளம் அப்படியல்ல. நேற்று பள்ளமாக இருந்தது இன்று தூண், நாளை தளம். காலையில் வந்த ஆள் மாலையில் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். ஒரே நாளில் பத்துப் பதினைந்து சிறு நிறுவனங்களின் ஆட்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் வேலை செய்வார்கள். 'ஒவ்வொருவரும் அவரவர் ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற விதி இங்கே நியாயமாகத் தோன்றும். ஆனால் வேலைக்கு ஆகாது. இந்தக் குறையை உணர்ந்து, தளம் முழுவதற்கும் ஒருவரைப் பொறுப்பாளியாக்கும் பதவியைச் சட்டத்தில் எழுதிய நாடுகளில் பிரிட்டன் முக்கியமானது. அந்தப் பதவிதான் முதன்மை ஒப்பந்ததாரர். அது எப்படி உருவானது, என்ன செய்கிறது, எங்கே தடுமாறுகிறது, நம் ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதைப் பார்க்கலாம்.

கப்பலில் தொடங்கிய கதை

விதை விழுந்தது கட்டடத்தில் அல்ல, ஒரு போர்க்கப்பலில். 1976 செப்டம்பர். இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஸ்வான் ஹன்டர் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் 'எச்எம்எஸ் கிளாஸ்கோ' என்ற கப்பலுக்கு உள்வேலைகள் நடந்துகொண்டிருந்தன. துணை ஒப்பந்ததாரருக்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்ததாரர். அவருடைய ஆள் ஒருவர் முந்தின நாள் வேலை முடித்துப் போகும்போது ஆக்சிஜன் குழாயைக் கீழ்த்தளத்திலேயே விட்டுவிட்டுப் போனார். இரவு முழுக்க ஆக்சிஜன் கசிந்து, காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் நிறைந்தது. ஆக்சிஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. அறைக்குள் நுழைகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. காலையில் ஒரு வெல்டர் தன் வேலையைத் தொடங்கியதும், சாதாரணக் காற்றில் அணைந்துபோகக்கூடிய பொறி பெருந்தீயாக மாறியது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

மூடிய அறைகளில் ஆக்சிஜன் சேர்வதன் ஆபத்து ஸ்வான் ஹன்டருக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி ஒரு கையேடே அச்சிட்டு வைத்திருந்தார்கள். நீல அட்டைப் புத்தகம் என்று தளத்தில் பெயர். அது சொந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. துணை ஒப்பந்ததாரர்களின் ஆட்களுக்குப் போகவில்லை. வழக்கில் நிறுவனம் சொன்ன வாதம் எளிமையானது: அடுத்தவர் ஆளுக்குப் பாடம் எடுப்பது எங்கள் வேலையா? 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆம் என்றது. உன் ஆள் உயிரோடு இருப்பது பக்கத்தில் வேலை செய்யும் அடுத்தவர் ஆளின் அறிவைப் பொறுத்தது என்றால், அந்த அறிவைக் கொடுப்பதும் உன் கடமைதான். ராபன்ஸ் குழுவின் 1972 அறிக்கையை ஒட்டிப் பிறந்த 1974-ஆம் ஆண்டுப் பணியிட நலம், பாதுகாப்புச் சட்டத்தின் பொதுப்பிரிவுகளிலிருந்தே இந்தக் கடமையை நீதிபதிகள் வரவழைத்தார்கள். புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

இதே தடத்தில் இன்னொரு வழக்கு. அசோசியேட்டட் ஆக்டெல் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலையில், ஒப்பந்ததாரரின் ஆள் ஒரு தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தார். சுத்தம் செய்யப் பழைய பெயின்ட் வாளியில் அசிட்டோன். வெளிச்சத்துக்குச் சாதாரண பல்பு. பல்பு உடைந்தது, ஆவி பற்றியது, ஆள் கருகினார். ஒப்பந்ததாரரின் வேலைமுறைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தைப் பிரபுக்கள் சபை 1996-இல் ஏற்கவில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்புகள் எல்லாம் சம்பவம் நடந்த பிறகு குற்றவாளி யார் என்று சொல்பவை. சம்பவத்துக்கு முன்னால் யார், எந்த நாளில், என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு விதிமுறை வேண்டியிருந்தது. ஐரோப்பியச் சமூகம் 1992-இல் தற்காலிகக் கட்டுமானத் தளங்களுக்கென ஒரு நெறியாணை கொண்டுவந்தது. அதன் முன்னுரையில் ஒரு கணக்கு இருக்கிறது: கட்டுமான விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், வேலை தொடங்குவதற்கு முன்பே எடுத்த வடிவமைப்பு முடிவுகளுக்கோ மோசமான திட்டமிடலுக்கோ பங்கு உண்டு. ஆள் கவனமாக இல்லை என்ற வழக்கமான பேச்சை அந்த ஒரு வரி தலைகீழாக்கியது. நெறியாணையைத் தன் சட்டமாக்கும் வகையில் பிரிட்டன் எழுதியதுதான் கட்டுமான வடிவமைப்பு, மேலாண்மை விதிமுறைகள். தொழிலில் 'சிடிஎம்' என்பார்கள். 1995 மார்ச் கடைசியில் நடைமுறைக்கு வந்தது, 2007-இலும் 2015-இலும் திருத்தி எழுதப்பட்டது.

மூன்று பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. வடிவமைப்புக் கட்டத்தில் பாதுகாப்பை ஒருங்கிணைக்க முதலில் 'திட்டமிடல் மேற்பார்வையாளர்' என்று ஒருவரை வைத்தார்கள். அது சரிப்படாமல் 2007-இல் 'ஒருங்கிணைப்பாளர்' ஆனது. அதுவும் சரிப்படாமல் 2015-இல் 'முதன்மை வடிவமைப்பாளர்' ஆனது. முதல் இரண்டு பதவிகளிலும் வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். வரைபடத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. கோப்பு நிரப்பிக் கட்டணம் வாங்கிப் போனார்கள். முதன்மை ஒப்பந்ததாரர் என்ற பதவியோ மூன்றிலும் பெயர்கூட மாறாமல் நிலைத்திருக்கிறது. காரணம் எளிது. அவர் கையில் தளத்தின் சாவி இருக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, துணை ஒப்பந்ததாரரின் பில்லைப் பாஸ் செய்யும் பேனா இருக்கிறது. இந்தக் கேள்வி முழுவதற்கும் திறவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன். அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருந்தால் பொறுப்பு காகிதமாகிவிடும்.

பதவி என்ன செய்கிறது

2015 விதிமுறைகளின்படி, ஒரு வேலையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள் இருந்தால் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு முதன்மை ஒப்பந்ததாரரை எழுத்தில் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால்? இங்கேதான் சட்டத்தின் சாமர்த்தியம். நியமிக்கத் தவறிய சொந்தக்காரரே அந்தக் கடமைகள் அனைத்தையும் சுமக்க வேண்டும். நாற்காலி ஒருபோதும் காலியாக இருக்காது. சொந்த வீட்டுக்கு வேலை செய்துகொள்கிற குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே சொந்தக்காரரின் கடமை தானாகவே ஒப்பந்ததாரரிடம் போய்விடும்.

நியமனம் ஆனதும் முதல் வேலை, கட்டுமானக் கட்டத்துக்கான பாதுகாப்புத் திட்டம். தளத்தில் முதல் கொட்டகை போடுவதற்கு முன்பே அது தயாராக வேண்டும். நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்பதைவிடக் கெட்ட திட்டத்தை அடையாளம் காண்பது சுலபம்: போன சைட்டின் பெயர் எங்காவது ஒரு பக்கத்தில் அழியாமல் நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நடக்கும் வேலைக்கும் வெட்டவெளியில் நடக்கும் வேலைக்கும் ஒரே நூறு பக்கம். லாரி எந்த வாசலில் நுழையும், பள்ளிவிடும் நேரத்தில் நுழையுமா, கிரேனின் கை யார் தலைக்கு மேலே சுழலும், மண்ணுக்கடியில் மின்கம்பி எங்கே ஓடுகிறது ஆகிய நான்குக்கும் விடை சொல்லும் பத்துப் பக்கம் அதைவிட மேல்.

பிறகு வருவது ஒருங்கிணைப்பு. பதவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. எந்தெந்த வேலை ஒரே நேரத்தில் நடக்கலாம், எது எதற்குப் பின் வர வேண்டும் என்று முடிவெடுக்கும்போதும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிடும்போதும் ஆபத்துத் தடுப்பின் கோட்பாடுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது விதி 13. கால அட்டவணையே ஒரு பாதுகாப்பு ஆவணம் என்ற இந்த எண்ணம் புரட்சிகரமானது. மேல்மாடியில் செங்கல் ஏற்றும் நாளும் கீழே வடிகால் தோண்டும் நாளும் ஒன்றாகிவிட்டால் எத்தனை ஹெல்மெட் கொடுத்தும் பயனில்லை. அட்டவணையில் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஹெல்மெட்டுக்கே வேலை வராது. அதே விதி, ஒரே காலத்தில் வேலை செய்பவர்கள் மட்டுமல்ல, ஒருவர் போன பின் ஒருவராக அடுத்தடுத்து வரும் ஒப்பந்ததாரர்களுக்கு இடையிலும் ஒத்துழைப்பை ஏற்பாடு செய்யச் சொல்கிறது. லிப்ட் திறப்பின் தடுப்பைச் சட்டம் பார்க்கும் இடம் அது. நடைமுறையில் இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. தடுப்பைக் கழற்ற வேண்டுமானால் தள அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் கழற்றுபவர் பெயர், திரும்பப் பூட்ட வேண்டிய நேரம். நேரம் கடந்தும் சீட்டு திரும்பி வராவிட்டால் மேற்பார்வையாளர் ஏழாவது மாடிக்கு ஏறிப் போய்ப் பார்ப்பார். செலவு ஒரு நோட்டுப்புத்தகம்.

தளத்துக்குப் புதிதாக வருபவருக்கு அறிமுக வகுப்பு, வேலியும் காவலும், தொழிலாளர்களோடு கலந்து பேசும் ஏற்பாடு ஆகியவையும் அவர் கடமைதான். கலந்து பேசுவது பல தளங்களில் சடங்காகிவிடுகிறது. காலையில் ஐந்து நிமிடம் கூட்டி வைத்து ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சாரம் ஆடுகிறது என்று முதலில் தெரிவது அதன்மேல் நிற்பவருக்குத்தான். அவர் வாயைத் திறந்தால் நாளை வேலை இருக்குமா என்ற பயம் போகாத இடத்தில் எந்தக் கூட்டமும் எதையும் வெளிக்கொண்டு வராது.

கழிப்பறை, கைகழுவும் இடம், குடிநீர், உடைமாற்றும் அறை, உட்கார்ந்து சாப்பிட இடம் ஆகிய வசதிகளுக்கு அந்த விதிமுறைகள் தனி அட்டவணையே ஒதுக்கியிருக்கின்றன. அதுவும் கட்டுமானக் கட்டம் முழுவதும், அதாவது முதல் நாளிலிருந்து. இதைச் சில்லறை விஷயமாகப் பார்ப்பவர்கள் நம் ஊர் சைட் ஒன்றில் சித்தாள் வேலை செய்யும் பெண்ணிடம் பேசிப் பார்க்கலாம். ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சித்திரை வெயிலில் ஜல்லி சுமந்து, மயங்கி விழுபவரின் பெயர் விபத்துப் பதிவேட்டில் 'வெயில் மயக்கம்' என்று ஏறும். கழிப்பறை இல்லாதது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பாதுகாப்பு என்ற சொல் நலம் என்ற சொல்லை விழுங்கிவிடுவது இந்தத் துறையின் பழைய நோய். விழுந்து இறப்பவர் அன்றே செய்தியாகிறார். கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி, பதினைந்து இருபது ஆண்டு கழித்துக் கொல்லும். அப்போது எந்த சைட், எந்த ஒப்பந்ததாரர் என்று யாருக்கும் நினைவிருக்காது. பிரிட்டனின் கட்டுமானத் தொழிலாளர்களில் சிலிக்காவால் ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல் இறப்பதாக அந்நாட்டுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. 2024–25-இல் அதே துறையில் விபத்தில் இறந்த தொழிலாளர்கள் 35 பேர். அறுக்கும் எந்திரத்தில் தண்ணீர் சொட்டும்படி ஒரு குழாய் பொருத்தினால் தூசு பெருமளவு அடங்கும். முதன்மை ஒப்பந்ததாரர் தண்ணீர் இணைப்பை எந்தெந்த மாடிக்குக் கொடுத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

பலன் எவ்வளவு

2000–01-இல் பிரிட்டனில் 105 கட்டுமானத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போதைய துணைப் பிரதமர் ஜான் பிரஸ்காட் தொழில்துறைத் தலைவர்களை 2001-இல் மாநாட்டுக்கு அழைத்துக் கடுமையாகப் பேசவேண்டிய நிலை. 2023–24-இல் எண்ணிக்கை 51, அடுத்த ஆண்டு 35. இந்த இறக்கம் முழுவதையும் ஒரு விதிமுறையின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல. எந்திரங்கள் மாறின, உயரத்தில் வேலை செய்வதற்கெனத் தனி விதிகள் 2005-இல் வந்தன, நிறுவனங்களின் ஆண்டு வருவாயைக் கணக்கில் வைத்துத் தண்டத்தொகை விதிக்கும் வழிகாட்டுதல் 2016 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது இயக்குநர் குழுக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. பெரிய நிறுவனத்துக்குப் பத்து மில்லியன் பவுண்டு வரை தண்டம் விழலாம் என்றானதும், பாதுகாப்பு என்பது சைட் அலுவலகத்து விஷயமாக இல்லாமல் நிதி அதிகாரியின் கவலையாகவும் ஆனது.

முதன்மை ஒப்பந்ததாரர் ஏற்பாடு சரியாக இயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானத்தைக் காட்டுவார்கள். ஏறத்தாழ 46,000 பேர் வேலை செய்த அந்தத் தளங்களில் ஒரு தொழிலாளியும் இறக்கவில்லை. பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அங்கே வேலை கொடுத்தது அரசு அமைப்பு. பாதுகாப்பைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத் தேர்வின் நிபந்தனையாக வைத்தது, பணத்தையும் காலத்தையும் அதற்கேற்ப ஒதுக்கியது. அப்படிப்பட்ட சொந்தக்காரர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மறுமுனையில் இருப்பது வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சேர்க்கும் வேலை. கூரைக்காரர் ஒருவர், கொத்தனார் ஒருவர், மின்வேலைக்கு ஒருவர். மூவரில் ஒருவர் சட்டப்படி முதன்மை ஒப்பந்ததாரர். அவருக்கே அது தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். 2015 திருத்தம் இந்தச் சின்ன வேலைகளையும் வலைக்குள் கொண்டுவந்தது, ஆனால் வலை அங்கே நைந்திருக்கிறது. முப்பது நாளுக்கு மேல் நீடித்து ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் இருக்கும் வேலையையோ, ஐந்நூறு ஆள்நாளைத் தாண்டும் வேலையையோ மட்டும்தான் ஆய்வாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை யார் கண்ணிலும் படாமல் நடந்து முடியும்.

இன்னொரு பக்கம் அந்தப் பதவியின் சுமை ஏறிக்கொண்டே போகிறது. 2017 ஜூனில் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் தீயில் இறந்த பிறகு, கட்டுபவரின் பாதுகாப்பு மட்டுமல்ல, பிறகு அங்கே குடியிருப்பவரின் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. 2022-ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் கட்டட விதிகளிலும் 'முதன்மை ஒப்பந்ததாரர்' என்ற பதவி வந்துவிட்டது. பெயர் ஒன்று, கடமை இரண்டு: ஒன்று வேலை நடக்கும்போது ஆள் சாகாமல் பார்ப்பது, மற்றது கட்டி முடித்த கட்டடம் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது.

சிங்கப்பூரில் தமிழ்ப் பலகை

நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவே அருகே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய முப்பது மீட்டருக்கும் ஆழமான பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். பக்கச் சுவர்களைத் தாங்கிய எஃகு முட்டுகளின் இணைப்புகள் வலுவற்றவையாக வடிவமைக்கப்பட்டிருந்ததும், மண் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கே தவறாக இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. அளவீட்டுக் கருவிகள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தன. அந்த எச்சரிக்கையின் பேரில் வேலையை நிறுத்தத்தான் யாரும் முன்வரவில்லை. 2006-இல் புதிய பணியிடப் பாதுகாப்பு, நலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தளத்தின் 'ஆக்கிரமிப்பாளர்' என்று ஒருவரைக் குறிக்கிறது. கட்டுமானத்தில் நடைமுறையில் அவர் முதன்மை ஒப்பந்ததாரரே. ஒன்றரை மீட்டருக்கு மேல் பள்ளம் தோண்டுவது, கிரேனில் பாரம் தூக்குவது, இடிப்பது, பைல் இறக்குவது எதுவானாலும் அவர் ஏற்பாடு செய்த அனுமதிமுறையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். எல்லாத் தொழில்களையும் சேர்த்து, லட்சம் தொழிலாளருக்கு 2004-இல் 4.9 ஆக இருந்த இறப்பு 2024-இல் 1.2 ஆகக் குறைந்திருக்கிறது.

அங்குள்ள தளங்களில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருக்கும், பாதுகாப்பு வகுப்பு தமிழிலும் நடக்கும். புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் போன ஆளுக்குப் புரியாத மொழியில் சொன்ன எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது என்பது அங்கே எப்போதோ ஏற்கப்பட்டுவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கம்பி கட்டும் சென்னைத் தளங்களில் 'ஜாக்கிரதை' என்று தமிழில் மட்டும் எழுதி மாட்டுவது வழக்கமாக இருக்கிறது.

நம் சட்டம் தேடும் ஆள்

இந்தியாவில் கட்டடத் தொழிலாளருக்கான மத்தியச் சட்டம் 1996-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களுக்கு அது பொருந்தியது. சாரம், பள்ளம், தூக்கும் எந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் 1998 மத்திய விதிகளில் நுணுக்கமான பிரிவுகள் எழுதப்பட்டன. தமிழ்நாடு 2006-இல் தன் விதிகளை எழுதியது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டு கொடுக்கச் சொல்லும் இந்தியத் தரநிலையும் நெடுங்காலமாக இருக்கிறது. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பதில் நமக்குக் குறைவில்லை. யார் செய்ய வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

1996 சட்டம் தேடியது 'வேலை அளிப்பவர்' ஒருவரை. ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரும் அந்த வரையறைக்குள் வந்தார். கம்பெனி, அதன் கீழ் கான்ட்ராக்டர், அவர் கீழ் லேபர் கான்ட்ராக்டர், அவர் கீழ் மேஸ்திரி என்று இறங்கும் ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை அளிப்பவர் உண்டு. ஆளாளுக்கு நாட்டாமை. சம்பளத்தையோ இழப்பீட்டையோ கீழே உள்ளவர் கொடுக்காவிட்டால் மேலே உள்ளவர் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. இருவரின் ஆட்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை மூடுவது யார் என்பதை அந்தத் தெளிவோடு சொல்லவில்லை. பாதுகாப்பு விதியை மீறினால் அதில் இருந்த தண்டனை: மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல பாதுகாப்பு பெல்ட் ஒன்று வாங்கவே அந்த அபராதத்தொகை வேண்டும்.

அதே ஆண்டு வந்த துணைச் சட்டம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைத் தீர்வையாக வசூலிக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான், கல்வி உதவி, ஓய்வூதியம், இறப்புக்கு நிதி எல்லாம் அதிலிருந்து வருகின்றன. ஆனால் கட்டுபவர் மனத்தில் அது வேறுவிதமாகப் பதிந்துவிட்டது. ஒரு சதவீதம் கட்டியாயிற்று, தொழிலாளர் விஷயம் முடிந்தது. விபத்துக்குப் பின் கொடுக்கும் பணம், விபத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு ஈடாக உட்கார்ந்துகொண்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதற்குச் சட்டப்படியான ரசீதே கிடைக்கிறது. அந்தப் பணமாவது போய்ச் சேர்ந்ததா என்றால், 2018-இல் உச்ச நீதிமன்றம் பல மாநிலங்களில் தீர்வைத் தொகை செலவாகாமல் கிடப்பதையும் வேறு வழியில் போவதையும் கண்டித்தது.

2014 ஜூன் 28, மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் ஒரு சனிக்கிழமை மாலை சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அங்கே வேலை செய்தவர்கள்; ஆந்திரத்தின் வடமாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் பலர். ஒருங்கிணைப்புக் குறையால் நடந்த விபத்தல்ல அது. கட்டடமே நிற்கத் தகுதியற்றதாக இருந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த விவாதத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். திட்ட அனுமதி, மண் பரிசோதனை, வீடு வாங்க முன்பணம் கொடுத்தவர்களின் கதி என்று பேச்சு போனது. தூண்களில் விரிசல் கண்ட தொழிலாளி யாரிடம் சொல்லியிருக்க முடியும், சொல்லியிருந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி அதிகம் எழவில்லை. அருகில் நின்ற இரண்டாவது கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தபோது தொலைக்காட்சிகள் நேரலை செய்தன.

2020-இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1996 சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. சில இடங்களில் முன்னேற்றம் தெரிகிறது. கட்டடக் கலைஞரும் திட்டப் பொறியாளரும் வரைபடக் கட்டத்திலேயே தொழிலாளர் பாதுகாப்பைக் கருத வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்கிறது. 1998 மத்திய விதிகளில் மட்டும் இருந்த இந்த எண்ணம் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான கழிப்பறை, குடிநீர் போன்றவை முதன்மை வேலை அளிப்பவரின் பொறுப்பு. கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனாலும் தளம் முழுவதையும் ஒருவர் பெயரில் எழுதி வைத்து, அட்டவணையையும் ஆட்களையும் அவர் ஒருங்கிணைக்க வேண்டும் என்று சொல்லும் பதவி இந்தச் சட்டத்திலும் இல்லை.

சட்டத்தில் இல்லாததை ஒப்பந்தம் கொண்டுவந்த இடங்கள் உண்டு. மெட்ரோ ரயில் பணிகளில் பாதுகாப்புக்கெனத் தனி ஒப்பந்த நிபந்தனைகள் இருக்கின்றன. டெல்லி மெட்ரோ இதில் முன்னோடி. பன்னாட்டுக் கடன் கொடுப்பவர்களும் கேட்கிறார்கள், வேலை எடுக்கும் நிறுவனங்களும் பெரியவை. அங்கேயும் விபத்து நடக்காமல் இல்லை. 2009 ஜூலையில் டெல்லி ஜம்ருத்பூரில் பாலம் சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது, வேலை கொடுத்த அமைப்பின் தலைவரான ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சட்டம் கேட்காத பொறுப்பு அது. மெட்ரோ பணி நடக்கும் சாலையின் எதிர்ப்புறம் எழும் ஐந்து மாடிக் குடியிருப்பில் கேட்பதற்கும் ஆளில்லை, ஏற்பதற்கும் ஆளில்லை. ஒரே தெருவில் இரண்டு நாடுகள்.

பதவியைச் சட்டத்தில் சேர்ப்பதோடு இது தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறை இருக்கும்வரை, எந்தப் பெயரில் யாரை நியமித்தாலும் அவர் முதலில் கைவைப்பது சாரத்திலும் தடுப்பிலும்தான்; அவை கட்டடம் முடிந்ததும் மறைந்துபோகிறவை, குறைத்தால் யாருக்கும் தெரியாது. ஹாங்காங் அரசு இதற்கு 1996-இலேயே ஒரு வழி கண்டது. அரசுப் பணிகளில் பாதுகாப்புக்கான இனங்களை விலைப்போட்டியிலிருந்து வெளியே எடுத்து, ஒப்பந்தத் தொகையில் சுமார் இரண்டு சதவீதம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்பே விலை குறித்து, செய்தால் பணம், செய்யாவிட்டால் இல்லை என்றது. யாருக்கும் அதில் கழித்துக் கேட்க வழியில்லை.

நம் ஒப்பந்தப்புள்ளிகளில் பாதுகாப்பு பெரும்பாலும் பொது நிபந்தனைகளில் ஒரு பத்தியாகக் கிடக்கிறது. சிமென்ட் மூட்டைக்கும் கம்பி டன்னுக்கும் ஒரு வரி இருப்பதுபோல, சாரத்துக்குச் சதுர மீட்டர் கணக்கிலும், திறப்புகளின் தடுப்புக்கு ஓடும் மீட்டர் கணக்கிலும், பள்ளத்து முட்டுக்கு ஆழக் கணக்கிலும், கழிப்பறைக்கு மாதக் கணக்கிலும் அளவுப் பட்டியலில் வரி போட முடியும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் அளவுப் புத்தகத்தோடு வரும்போது தளத்தின் பரப்பை அளப்பதைப் போலவே தடுப்பின் நீளத்தையும் அளப்பார். போடாத தடுப்புக்கு பில் போட முடியாது.